இவர் எந்தப் பக்கம்?

1984இல அமெரிக்காவில ஒரு யுத்தத்தை உருவாக்கினவை. உருவாக்கினது ஒரு விளையாட்டுப் பொருள் கம்பனியும் ஒரு கொமிக்ஸ் கம்பனியும். நாப்பது வருசம் தாண்டியும் அந்த யுத்தம் முடியேல்ல. ஒரு பக்கம் ஓட்டோபொட்ஸ், மற்றப் பக்கம் டிசெப்டிகொன்ஸ். காராக, லொறியாக, யெற் விமானமாக, துவக்காக, கசற் பிளேயராகக்கூட மாறுகிற ரோபோக்கள். ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் எண்டு சொன்னவுடன உங்களில பலருக்கு மைக்கல் பேயின்ர படங்கள்தான் ஞாபகம் வரும். வெடிக்கிற கட்டடங்கள், சுத்திச் சுத்திப் பறக்கிற கமரா, எது எவரெண்டே தெரியாமல் பின்னிப் பிணைஞ்ச இரும்பு. நான் எழுதப்போறது அதுகளைப் பற்றி இல்ல. அதுகளுக்கெல்லாம் மூலமான காட்டூன் தொடரைப் பற்றியும், அதிலிருந்து கிளைச்ச சில கதைகளைப் பற்றியும்.

நான் இந்தத் தொடரை முதல் முதல் பார்த்தது 2010இல, வவுனியாவில பெரியப்பா வீட்டில. முகாமில இருந்து வெளிய விட்டாப்பிறகு ஒரு வருசம் கிட்ட அங்கதான் இருந்தனாங்கள். எனக்குப் பத்து வயசு. பெரியப்பாவின்ர மகன் அப்ப ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தவர். அண்ணாவிட்ட ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. அதுக்குள்ள ஆரோ கூட்டாளி ஏத்திக் குடுத்த காட்டூன்கள். எல்லாம் இங்கிலிஸ். எனக்கு அப்ப இங்கிலிஸில என்ர பெயரையும் ஊரையும் சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனாலும் கதை விளங்கிச்சு. விளங்கவேணும் எண்டுதானே அந்தத் தொடரையே அப்பிடிக் கட்டியிருக்கினம். சிவப்பு முகச் சின்னம் இருந்தால் ஓட்டோபொட். ஊதா முகச் சின்னம் எண்டால் டிசெப்டிகொன். நல்லவைக்குப் பெரும்பாலும் நீலக் கண், கெட்டவைக்குச் சிவப்புக் கண். ஒரு காட்சி முடிஞ்சு மற்றக் காட்சிக்குப் போகேக்க அந்தச் சின்னமே சுழண்டுகொண்டு திரையில வரும். மொழி தெரியாத பெடியனுக்கு அது காணும். ஆர் சுட்டால் சந்தோசப்படோணும், ஆர் சுட்டால் பயப்படோணும் எண்டதை ஒரு ஸ்ரிக்கர் சொல்லிப்போடும்.

எனக்கு அந்தத் தொடர் ஏன் அவ்வளவு பிடிச்சது எண்டு இப்ப யோசிச்சால், காரணம் சண்டை இல்ல. சண்டையில ஒருத்தரும் சாகாததுதான். ஒவ்வொரு அங்கத்திலயும் நூறு தரம் சுடுவினம். பாதி ஒருத்தரிலயும் படாது. பட்டால் பொறி பறக்கும், விழுவினம், கை கழண்டுபோகும். பிறகு ரட்செற் எண்ட அம்புலன்ஸ் ரோபோ வருவார், பூட்டுவார், எழும்பி நடப்பினம்.

"அண்ணா, அவர் செத்துப்போனாரோ?"

"இல்லையடா, ரட்செற் வந்து திருத்திப்போடுவார்."

அந்த வருசம் எனக்குத் தெரிஞ்ச ஆக்களில திருத்தேலாமல் போனவை கனபேர். இதுக்கு மேல அதை இங்க எழுதத் தேவையில்ல. ஆனால் அடிபட்டவை எல்லாரும் அடுத்த நாள் பின்னேரம் திரும்பி வாற ஒரு யுத்தத்தைப் பார்க்கிறது அந்த வயசில எவ்வளவு பெரிய ஆறுதலா இருந்தது எண்டதைச் சொல்லத்தான் வேணும். அம்மா முதல் ரெண்டு நாளும் அந்த அறைப்பக்கமே வரேல்ல. மூண்டாம் நாள் வாசல்ல நிண்டு கொஞ்ச நேரம் கேட்டா. "இது துவக்குச் சத்தம் மாதிரியே இல்லையே தம்பி, விசில் ஊதிற மாதிரியெல்லோ கிடக்கு" எண்டு சொல்லிப்போட்டு உள்ள வந்து இருந்தா. அதுக்குப் பிறகு அவவும் பார்த்தா.

இங்கிலிஸ் கொஞ்சம் பிடிபட்டு, பல்கலைக்கழகம் போய், இன்ரநெற் கையில வந்த காலத்தில அதே தொடரைத் திரும்பவும் முதலில இருந்து பார்த்தன். இந்த முறை வசனம் விளங்கிச்சு. கூடவே இந்த யுத்தம் எப்பிடிப் பிறந்தது எண்டதையும் தேடி வாசிச்சன். அந்தக் கதை தொடரை விடச் சுவாரசியமானது.

ஜப்பானில டக்காரா எண்ட கம்பனி 1980இல டயகுளோன் எண்டு ஒரு விளையாட்டுப் பொருள் வரிசையைத் தொடங்கினது. கொஞ்சக் காலத்தில அதில காரா, லொறியா, விமானமா மாறுகிற ரோபோக்கள் வரத் தொடங்கிச்சு. அதுகளுக்கு உயிர் இல்ல, மனமும் இல்ல. உள்ளுக்குள்ள சின்ன மனுசப் பொம்மை ஒண்டு இருந்து ஓட்டுகிற இயந்திரங்கள். அதே கம்பனியின்ர மைக்ரோமேன் வரிசையில கசற் பிளேயராகவும் கைத்துவக்காகவும் மாறுகிற பொம்மைகள் இருந்தது. அமெரிக்காவின்ர ஹஸ்ப்ரோ கம்பனி இந்த ரெண்டு வரிசையிலயும் இருந்த பொம்மைகளை உரிமம் வாங்கி, ஒண்டாச் சேர்த்து, ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் எண்டு புதுப் பெயர் வைச்சு 1984இல சந்தைக்குக் கொண்டுவந்தது.

இதில கவனிக்கவேண்டிய விசயம் ஒண்டு இருக்கு. பிறகு ஓட்டோபொட்களின்ர தலைவர் ஒப்டிமஸ் பிரைம் ஆன லொறியும், டிசெப்டிகொன் ஸ்டார்ஸ்கிரீம் ஆன யெற் விமானமும் ஜப்பானில ஒரே பக்கத்தில நிண்டவை. ரெண்டும் டயகுளோன். அவைக்குப் பொதுவான எதிரி பூச்சி மாதிரியான வேற்றுக்கிரகவாசிகள். ஒரே தட்டில பக்கத்துப் பக்கத்தில அடுக்கியிருந்த பொம்மைகளை ரெண்டு பக்கமாப் பிரிச்சது அமெரிக்காவில, ஒரு மேசையில இருந்து.

அந்த வேலையை ஹஸ்ப்ரோ மார்வெல் கொமிக்ஸிட்டக் குடுத்தது. ஜிம் ஷூட்டர் அடிப்படைக் கதையை எழுதினார். பொப் புடியான்ஸ்கி எண்ட ஆசிரியர் பெரும்பாலான ரோபோக்களுக்குப் பெயரும் குணமும் எழுதினார். இவர் துணிஞ்சவர், இவர் பயந்தவர், இவர் தலைவற்ற கதிரையில கண்வைச்சவர் எண்டு ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்னச் சரித்திரம். டிசெப்டிகொன் தலைவருக்கு மெகட்ரோன் எண்டு அவர் பெயர் வைச்சபோது, அது அணுகுண்டை ஞாபகப்படுத்துது, பிள்ளைகளுக்குப் பயமா இருக்கும் எண்டு ஹஸ்ப்ரோ தயங்கினதாம். வில்லன் எண்டால் பயமாத்தானே இருக்கவேணும் எண்டு புடியான்ஸ்கி சொல்ல, பெயர் நிலைச்சது. பொதுவாப் பார்த்தால் கார்களும் லொறிகளும் நல்லவை, யெற் விமானங்களும் ஆயுதங்களும் கெட்டவை. ஆர் எந்தப் பக்கம் எண்டதை அவரவர் செய்த காரியம் தீர்மானிக்கேல்ல. எந்த அச்சில வார்த்தவை எண்டதுதான் பெரும்பாலும் தீர்மானிச்சது.

1984 செப்டெம்பர் 17இல காட்டூன் தொடர் தொடங்கிச்சு. 1987 வரைக்கும் நாலு பருவங்கள், 98 அங்கங்கள். அந்த வருசத்தில இது சாத்தியமானதுக்கும் ஒரு காரணம் இருக்கு. 1969இல ஹொட் வீல்ஸ் விளையாட்டுக் கார்களை வைச்சு அமெரிக்காவில ஒரு காட்டூன் வந்தபோது, இது தொடர் இல்ல, அரை மணித்தியால விளம்பரம் எண்டு முறைப்பாடு போய், ஒலிபரப்பு ஆணைக்குழு தலையிட்டது. றேகன் காலத்தில அந்த ஆணைக்குழு கட்டுப்பாடுகளைத் தளர்த்திச்சு. தளர்த்தினவுடன பொம்மைக் கம்பனிகளெல்லாம் ரீவிக்குள்ள வந்திட்டினம். 1990இல சிறுவர் தொலைக்காட்சிக்கெண்டு தனிச் சட்டம் வருகிற வரைக்கும் அது கிட்டத்தட்டத் திறந்த வெளி. நான் வவுனியாவில வாயைப் பிளந்துகொண்டு பார்த்த ஒவ்வொரு அங்கமும் உண்மையில ஒரு விளம்பரம். இருவது வருசத்துக்கு மேல பழசான, எங்களிட்டக் கடையில வாங்கவே ஏலாத சாமானுக்கு விளம்பரம்.

1985இல இருந்து பொம்மைகளில ஒரு சின்னச் சதுரத்தையோ வட்டத்தையோ ஒட்டத் தொடங்கினவை. பார்த்தால் வெறும் கறுப்பு. விரலால தேய்ச்சுச் சூடாக்கினால் ஓட்டோபொட் முகமோ டிசெப்டிகொன் முகமோ தெரியும். கள்ளப் பிரதியளை அடையாளம் காண ஒரு வழி அது. பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டும். கடையில வாங்கின ரோபோவை வீட்ட கொண்டுவந்து, தேய்ச்சுப் பார்த்து, இவர் எங்கட ஆளோ மற்ற ஆளோ எண்டு கண்டுபிடிக்கிறது. அந்த ஸ்ரிக்கரைப் பற்றி வாசிச்ச அண்டைக்கு நான் கனநேரம் அதையே யோசிச்சுக்கொண்டிருந்தன். தேய்க்க முதல் அது வெறும் பொம்மை. தேய்ச்சாப்பிறகு அது எதிரி.

விளம்பரத்துக்காகச் செய்த தொடர் எண்டால் அதில பார்க்க ஒண்டும் இருக்காது எண்டு நினைக்கலாம். எனக்கு அப்பிடித் தெரியேல்ல. சம்பளத்துக்கு எழுதினாலும் கதை எழுதுகிறவைக்கு ஒரு பழக்கம் இருக்கு, 'ஏன்?' எண்டு கேக்கிற பழக்கம். அந்தக் கேள்வி இந்தத் தொடரில அங்கங்க தலையை நீட்டிக்கொண்டே இருக்கும்.

முதல் கதையையே எடுங்கோ. சைபர்ட்ரோன் எண்ட கிரகத்தில சக்தி தீர்ந்துபோக, ஓட்டோபொட்களின்ர கப்பல் வெளிக்கிடுது. டிசெப்டிகொன்கள் துரத்துகினம். கப்பல் பூமியில ஒரு எரிமலைக்குள்ள விழுந்து, ரெண்டு பக்கமும் நாப்பது லட்சம் வருசம் உணர்விழந்து கிடக்குது. 1984இல எரிமலை வெடிக்க, கப்பலின்ர கணினி முழிச்சு, கிடந்தவையைத் திருத்தத் தொடங்குது. அது ஓட்டோபொட்களின்ர கப்பல், ஓட்டோபொட்களின்ர கணினி. ஆனால் அது முதல் எழுப்புகிறது ஒரு டிசெப்டிகொனை. கணினி ஸ்ரிக்கரைப் பார்க்கேல்ல. உடைஞ்சு கிடக்கிற ஒரு ஆள், திருத்தவேணும், திருத்திச்சு. எழும்பின டிசெப்டிகொன்கள் வெளியேறேக்க, ஸ்டார்ஸ்கிரீம் வீம்புக்கு மலையில சுட, அந்த அதிர்ச்சியில ஒப்டிமஸ் பிரைமின்ர உடம்பு சரிஞ்சு திருத்துகிற கதிருக்குள்ள வருது. அவர் எழும்புகிறது எதிரியின்ர தயவில. பத்து வயசில பார்த்தபோது எனக்கு இது வெறும் வெடிச் சத்தம். இப்ப பார்க்கேக்க, ஒரு ஆஸ்பத்திரி எப்பிடி இருக்கவேணும் எண்டு சொல்லுகிற மாதிரி இருக்கு.

இன்னொண்டு, 1986இல வந்த அஞ்சு அங்கக் கதை. அதில ரெண்டு கூட்டமும் எங்க இருந்து வந்தவை எண்டு சொல்லுகினம். குவின்டெசன் எண்ட வேற்றுக்கிரகவாசிகள் சைபர்ட்ரோனை ஒரு தொழிற்சாலையா நடத்தி, ரெண்டு வகைப் பொருள் செய்து வித்தவை. ஒண்டு வீட்டுப் பாவனைக்கு, மற்றது இராணுவப் பாவனைக்கு. முதலாவதில இருந்து வந்தவை ஓட்டோபொட்கள், ரெண்டாவதில இருந்து வந்தவை டிசெப்டிகொன்கள். அதாவது கதைக்குள்ளயும் அவை விக்கிறதுக்காகச் செய்த சாமான்கள். ஆரோ விலைப்பட்டியலில போட்ட பிரிவு, முதலாளி போனாப்பிறகும், லட்சக்கணக்கான வருசம், இரத்தப் பகையா நீண்டு கிடக்குது. எழுதினவை தங்கட கம்பனியைப் பார்த்துக் கண்ணடிச்சவையோ எனக்குத் தெரியாது. ஆனால் அதைவிட உண்மையா அந்தத் தொடர் தன்னைப் பற்றிச் சொன்ன இடம் வேறை இல்ல.

அதே 1986இல, ஓகஸ்ட் மாசம், ஒரு முழுநீளத் திரைப்படம் வந்தது. தொடரில ஒருத்தரும் சாகேல்ல எண்டு சொன்னன் அல்லோ. படத்தில சாகினம். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலயே டிசெப்டிகொன்கள் ஒரு விண்கலத்துக்குள்ள புகுந்து, பிரோன், பிரவுல், ரட்செற், அயன்ஹைட் எண்டு நாலு பேரைச் சுட்டுக் கொல்லுகினம். கவனியுங்கோ, ரட்செற். எல்லாரையும் திருத்தினவர். அதுக்குப் பிறகு ஒப்டிமஸ் பிரைம். அவர் சாகேக்க சிவப்பும் நீலமும் வடிஞ்சு உடம்பு முழுக்கச் சாம்பல் நிறமாகும். தியேட்டர்களில பிள்ளைகள் அழுததா அந்தத் தலைமுறை அமெரிக்கர்கள் இண்டைக்கும் எழுதுகினம்.

ஏன் கொண்டவை? பழைய பொம்மைகளின்ர விற்பனைக் காலம் முடிஞ்சிது. புதுப் பொம்மைகளுக்கு இடம் வேணும். அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அந்த ரோபோக்களில இவ்வளவு பாசம் இருக்கும் எண்டு முடிவெடுத்தவை நினைக்கேல்ல. எதிர்ப்பு எவ்வளவு பலமா இருந்தது எண்டால், அதே ஹஸ்ப்ரோவின்ர ஜி.ஐ. ஜோ படத்தில சாகவேண்டிய தலைவரை, சாகேல்ல, கோமாவில இருக்கிறார் எண்டு வசனத்தில மாத்தினவை. 1987இல ஒப்டிமஸ் பிரைமையும் உயிரோட திரும்பக் கொண்டுவந்தவை.

நான் அந்தப் படத்தை இருவது வயசில பார்த்தன். அழேல்ல. கோவம்தான் வந்தது. ஒரு சாவுக்குப் பின்னால ஒரு கொள்கையும் இல்ல, ஒரு பகையும் இல்ல, ஒரு பட்டியல் மட்டும்தான் இருக்கு எண்டு தெரியவருகிறது அப்பிடித்தான் இருக்கும். ஆனால் அந்த மண்டபங்களில இருந்த ஆறு, ஏழு வயசுப் பிள்ளைகளை நினைக்க எனக்கு ஒரு மரியாதையும் வந்தது. விக்கிறதுக்குச் செய்த பொம்மையை அவை ஒரு ஆளா எடுத்துக்கொண்டவை. கம்பனி குடுத்தது ஸ்ரிக்கர், பிள்ளைகள் குடுத்தது உயிர்.

அந்த உயிரில பீற்றர் கலனுக்கும் ஒரு பங்கு இருக்கு. ஒப்டிமஸ் பிரைமுக்குக் குரல் குடுத்த நடிகர். வியட்நாம் போரில இருந்து திரும்பின தன்ர தமையனை நினைச்சுத்தான் அந்தக் குரலைப் பிடிச்சதா அவர் பேட்டிகளில சொல்லியிருக்கிறார். ஹொலிவூட் வீரன் மாதிரிக் கத்தாதே, பலசாலி எண்டால் மென்மையா இருக்கவும் தெரிஞ்சிருக்கவேணும் எண்டது தமையன் குடுத்த புத்திமதி. 2007இல திரைப்படம் எடுத்தபோதும் அதே கலன்தான் குரல். எனக்கு மொழி விளங்காத காலத்திலயும் அந்தக் குரலில ஒரு பாதுகாப்பு இருந்தது. போருக்குப் போய்வந்த ஒரு மனுசன்ர களைப்பு அதுக்குள்ள இருந்தது எண்டு பிறகுதான் தெரியவந்தது.

ரோபோக்களுக்கு இவ்வளவு மனம் வைச்ச தொடர், மனுசரைப் பார்த்த விதத்தையும் சொல்லவேணும். மூண்டாம் பருவத்தில, 1986இல, 'கார்பொம்பியா' எண்டு ஒரு கற்பனை அரபு நாடு வருது. பெயரிலயே கார்க் குண்டு இருக்கு. மனுசரை விட ஒட்டகம் கூட எண்டு பகிடி. அப்ப கிளிஃப்ஜம்பர் எண்ட ஓட்டோபொட்டுக்குக் குரல் குடுத்தவர் கேசி கேசெம். அமெரிக்கா முழுக்கத் தெரிஞ்ச வானொலி அறிவிப்பாளர், லெபனான் வழி வந்தவர். அந்தப் பிரதியை வாசிச்சாப்பிறகு, இந்தக் கதையில ஒரு நல்ல அரபு ஆள் எண்டாலும் இருக்கிறாரோ எண்டு கேட்டிருக்கிறார். இல்லை எண்ட பதில்தான் கிடைச்சது. அவர் தொடரை விட்டு விலகினார்.

எனக்கு இந்தத் தொடரோட சம்பந்தப்பட்ட எல்லாரிலயும் பெரிய ஓட்டோபொட் அவர்தான் எண்டு படும். ஒரு நாட்டு ஆக்கள் முழுப்பேருக்கும் ஒரே ஸ்ரிக்கரை ஒட்டிப்போட்டு, அதைப் பிள்ளைகளிட்டக் குடுத்துச் சிரிக்கச் சொல்லேக்க, தன்ர வேலையை விட்டுக் குடுத்து எழும்பிப் போனவர்.

பக்கம் மாறுகிறதைப் பற்றி இந்த உலகத்தில வந்த ஆகச் சிறந்த கதை 'பீஸ்ட் வோர்ஸ்' தொடரில இருக்கு. 1996இல இருந்து 1999 வரை கனடாவில, வன்கூவரில, முழுக்கக் கணினியில செய்த தொடர். இப்ப பார்த்தால் கிராஃபிக்ஸ் ஒரு பழைய வீடியோ கேம் மாதிரித்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதேங்கோ. அதில டைனோபொட் எண்டு ஒரு ஆள். கெட்ட பக்கத்தில இருந்து, தலைவனோட முரண்பட்டு, நல்ல பக்கத்துக்கு வந்தவர். வந்தாலும் ஒருத்தரும் அவரை முழுசா நம்புகிறேல்ல. அவரும் தன்னை முழுசா நம்புகிறேல்ல. நடுவில ஒருக்கா பழைய பக்கத்துக்கே திரும்பிப் போய், அங்கயும் இருக்கேலாமல் திரும்பி வாறார். கடைசியில, ஆதி மனிதர்கள் வாழ்ந்த ஒரு பள்ளத்தாக்கை அழிக்க வந்த கூட்டத்தைத் தனிய மறிச்சு, உள்ள சக்தி எல்லாத்தையும் செலவழிச்சு, சாகிறார். 1998இல வந்த 'கோட் ஒஃப் ஹீரோ' எண்ட அங்கம். சாகேக்க கூட்டாளிகளிட்ட அவர் கேக்கிறது ஒண்டுதான். என்னைப் பற்றி ஆராவது கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ, செய்த நல்லதோட கெட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

சிலை வைக்கச் சொல்லேல்ல, மன்னிக்கச் சொல்லேல்ல. ரெண்டையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். ஒரு சிறுவர் காட்டூனில இதை எழுத ஒரு துணிவு வேணும். பெரியாக்கள் எழுதுகிற சரித்திரப் புத்தகங்களிலயே நான் அந்தத் துணிவைக் கனக்கக் காணேல்ல.

பிறகு வந்தவை மெகட்ரோனிட்டயும் அதே கேள்வியைக் கொண்டுபோனவை. பழைய தொடரில அவர் ஏன் கெட்டவர் எண்டு கேட்டால், மெகட்ரோன் எண்டபடியால் எண்டுதான் பதில். ஐ.டி.டபிள்யூ. வெளியிட்ட கொமிக்ஸ்களில அவர் ஒரு சுரங்கத் தொழிலாளி. அநியாயமான ஒரு ஆட்சியை எதிர்த்து எழுதத் தொடங்கி, எழுத்தில இருந்து ஆயுதத்துக்குப் போய், அங்க இருந்து திரும்ப ஏலாத இடத்துக்குப் போனவர். 2024இல வந்த 'ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் வன்' அனிமேஷன் படமும் அந்த வழியிலதான் போகுது. ஜோஷ் கூலி இயக்கினது. ஓரியன் பக்ஸ், டி-16 எண்டு ரெண்டு சுரங்கத் தொழிலாளிகள். உயிர்க் கூட்டாளிகள். தாங்கள் உருமாற ஏலாமல் பிறந்தவை எண்டு நம்பி வாழுகினம். அது பிறப்பில இல்ல, தங்கட தலைவர் தங்களிட்ட இருந்து களவெடுத்தது எண்டு ஒரு நாள் தெரியவருது. ரெண்டு பேருக்கும் ஒரே அநியாயம், ஒரே கோவம். ஒருத்தர் ஒப்டிமஸ் பிரைம் ஆகிறார், மற்றவர் மெகட்ரோன் ஆகிறார்.

அந்தப் படத்தின்ர தொடக்கத்தில ஓரியன் கூட்டாளிக்கு ஒரு பரிசு குடுப்பார். டி-16 கும்பிடுகிற பழைய வீரன் ஒருத்தன்ர முகம் போட்ட ஸ்ரிக்கர். டி-16 அதை ஆசையா எடுத்துத் தோளில ஒட்டிக்கொள்ளுவார். பார்க்கிற எங்களுக்கு அந்த முகத்தைத் தெரியும். அதுதான் டிசெப்டிகொன் சின்னம். பின்னால ஒரு கிரகத்தையே ரெண்டாக்கப்போற சின்னம், ஒரு கூட்டாளி இன்னொரு கூட்டாளிக்கு அன்பாக் குடுத்த சாமான். தியேட்டரில பக்கத்தில இருந்த சின்னப் பிள்ளைகள் சிரிச்சுக்கொண்டிருக்க, எனக்குத் தொண்டை அடைச்சது அந்த இடத்திலதான்.

இதை வாசிக்கேக்க உங்கட மனம் எங்கயோ போய் ஒப்பிட்டுப் பார்க்கும் எண்டு தெரியும். ஆர் இந்த நாட்டு ஓட்டோபொட், ஆர் டிசெப்டிகொன் எண்டு பொருத்திப் பார்க்கிற விளையாட்டு எனக்குப் பிடிக்கிறேல்ல. அது திரும்பவும் ஒரு ஸ்ரிக்கரைத் தேய்ச்சுப் பார்க்கிற வேலைதான். உண்மையான யுத்தத்தில ரட்செற் இல்ல. வசனத்தை மாத்தி, கோமாவில இருக்கிறார் எண்டு சொல்லி ஒருத்தரையும் திருப்பிக் கொண்டுவர ஏலாது. நான் இந்தத் தொடரில இருந்து எடுத்துக்கொண்டது அதைவிடச் சின்ன விசயம். மொழி தெரியாத காலத்தில எனக்குச் சின்னம் மட்டும்தான் தெரிஞ்சது. மொழி தெரிஞ்சாப்பிறகு ஸ்டார்ஸ்கிரீமுக்கும் ஒரு மனக்குறை இருந்தது கேட்டுது, ஓட்டோபொட்களுக்குள்ளயும் வீட்டை நினைச்சு ஏங்குகிறவை இருந்தது கேட்டுது. அடுத்தவர் என்ன கதைக்கிறார் எண்டு விளங்காட்டி, அவற்ற நெஞ்சில ஒட்டியிருக்கிறது மட்டும்தான் கண்ணில படும். இதை இந்த நாட்டில இருக்கிற எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்ல.

போன வருசம் அக்காவின்ர மகன் என்னோட இருந்து போனில பழைய அங்கங்களைப் பார்த்தான். ஆறு வயசு. புதுசா ஒரு ரோபோ வரும்போதெல்லாம், "மாமா, இவர் எந்தப் பக்கம்?" எண்டு கேப்பான். பதில் சொல்லுகிறது சுகம். கண்ணின்ர நிறத்தைப் பார்த்தால் அவனே கண்டுபிடிப்பான். நான், "பொறு, என்ன கதைக்கிறார் எண்டு முதல் கேப்பம்" எண்டு சொல்லி, வசனத்தைத் தமிழில சொல்லத் தொடங்கினன். முதல் அவனுக்கு எரிச்சல். மூண்டாம் அங்கத்தில ஒரு டிசெப்டிகொன் பகிடி விட, விழுந்து விழுந்து சிரிச்சான். பிறகு அந்த ஆள் எப்ப வருவார் எண்டு கேக்கத் தொடங்கினான்.

பார்க்க விருப்பமானவைக்கு ஒண்டு சொல்லுகிறன். 98 அங்கத்தையும் பார்க்கவேணும் எண்டு இல்ல. அதில பாதி உண்மையாவே விளம்பரம்தான். முதல் மூண்டு அங்கக் கதையைப் பாருங்கோ. ரெண்டாம் பருவத்தில 'வோர் டோன்' எண்ட அங்கத்தைப் பாருங்கோ. ஒப்டிமஸ் பிரைம் தலைவராக முதல் ஒரு சாதாரணத் தொழிலாளியா இருந்தவர் எண்டதை முதல் சொன்ன கதை அது. 1986 படத்தைப் பிள்ளைகளோட இருந்து பார்க்கிறதெண்டால், பக்கத்தில இருங்கோ, எழும்பிப் போகாதேங்கோ. 'கோட் ஒஃப் ஹீரோ' அங்கத்தைத் தனிய எடுத்துப் பார்க்காமல், டைனோபொட்டின்ர கதையைத் தொடக்கத்தில இருந்து பார்த்து அதுக்கு வந்து சேருங்கோ. 'ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் வன்' தியேட்டர்களில எதிர்பார்த்த அளவுக்கு ஓடேல்ல, அதைக் கடைசியாப் பாருங்கோ. முடிஞ்சால் ஒரு கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு பாருங்கோ. கன நாளாக் கதைக்காமல் இருக்கிற கூட்டாளி எண்டால் இன்னும் நல்லம்.